இரண்டு ராஜாவும் ஒரே அடியில் விழுந்தால் ஆட்டம் யாருக்கு?

தாமுவே_வேலு (ஞாயிறு, இரவு 9.40)

எல்லோருக்கும் வணக்கம். ரங்கூனிலிருந்து எழுதுகிறேன். பகலில் போன் ரிப்பேர் கடை. ராத்திரியில் கோடோ எஞ்சின் என்ற, கம்ப்யூட்டர் ஆட்டம் செய்யும் மென்பொருளை வைத்து ஒரு சின்ன விளையாட்டு செய்துகொண்டிருக்கிறேன். ஒரு மாசமாக ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த ஆட்டம், நேற்று ஒரு பிள்ளையை அழ வைத்துவிட்டது. அதற்காகத்தான் இந்தக் கேள்வி. கொஞ்சம் நீளமாக வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஆட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். டீக்கடைகளில் பெரியவர்கள் சிட்டுயின் ஆடுவதைப் பார்த்திருப்பீர்கள், பர்மாச் சதுரங்கம். அதில் சிப்பாய்கள் மட்டும் முதலிலேயே பலகையில் நிற்கும். மற்ற காய்களை ஆடுகிறவர்கள் தங்கள் யோசனைப்படி பின்னால் அடுக்கிக்கொள்வார்கள். எங்கள் தாத்தா அந்த அடுக்கலுக்கே அரை மணி நேரம் எடுத்துக்கொள்வார். எனக்கும் ஆட்டத்தை விட அந்த அரை மணி நேரம்தான் பிடிக்கும். அதை வைத்தே 8க்கு 8 கட்டம், சிவப்பு, கறுப்பு என்று இரண்டு படை வைத்துச் செய்தேன். ஆனால் மாறி மாறி நகர்த்துவது கிடையாது. டேப்லெட்டை ஒருவர் வாங்கி, மற்றவருக்குக் காட்டாமல் தன் காய்களுக்கு எல்லாம் உத்தரவு கொடுப்பார். அப்புறம் அடுத்தவர் வாங்கிக் கொடுப்பார். 'போர்' என்ற பொத்தானை அழுத்தினால் இரண்டு படையும் ஒன்றாக நகரும், ஒன்றாக அடிக்கும். பிள்ளைகளிடம் நான் சொல்லி வைத்திருந்தது இதுதான்.

நேற்று எங்கள் தெருவில் கரண்ட் இல்லை. பேட்டரி விளக்கை நடுவில் வைத்து அக்கா பிள்ளைகள் இரண்டு பேரும் பாயில் உட்கார்ந்து ஆடினார்கள். மருமகனுக்கு 11 வயசு, அவன் சிவப்பு. மருமகளுக்கு 9, அவள் கறுப்பு. முக்கால் மணி நேரம் ஆடிக் கடைசியில் இரண்டு ராஜா மட்டும் மிஞ்சினார்கள், பக்கத்துப் பக்கத்துக் கட்டத்தில். சிவப்பு ராஜாவுக்கு 4 ஹெச்பி (உயிர்ப் புள்ளி) மிச்சம், கறுப்பு ராஜாவுக்கு 3. ராஜாவின் ஒரு அடி 5. இரண்டு பேரும் 'அடி' என்றுதான் உத்தரவு கொடுத்திருந்தார்கள். பொத்தானை அழுத்தினார்கள். சிவப்பு ராஜா வாளை ஓங்கினார், கறுப்பு ராஜா சாய்ந்தார், 'சிவப்பு வென்றது' என்று திரையில் வந்துவிட்டது.

சின்னவள் டேப்லெட்டை இழுத்துத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்துக் கேட்டாள்: "மாமா, நானும்தானே அடிக்கச் சொன்னேன்? என் அடி எங்கே போச்சு?"

நான் என்ன சொல்வது? அவள் அடி உண்மையிலேயே எங்கேயோ போய்விட்டது. அண்ணன் சிரித்ததும் அழுதுவிட்டாள். அக்கா வந்து இரண்டு பேரையும் தூங்க அனுப்பினாள்.

பிள்ளைகள் போனபின் ஆட்டத்தின் புரோகிராம் கோடைத் திறந்தேன். காய்கள் எல்லாம் ஒரே பட்டியலில் இருக்கின்றன. வரிசையாக ஒவ்வொன்றையும் எடு, உயிர் இருந்தால் அடிக்க விடு, அடிபட்டவனின் ஹெச்பி தீர்ந்தால் 'செத்தான்' என்று சிக்னல் விடு, காயைக் கியூ ஃப்ரீ செய், அதாவது நீக்கு. செத்தது ராஜா என்றால் அந்த சிக்னலே ஆட்டத்தை முடித்துவிடும். சிட்டுயினில் சிவப்புக்கு முதல் கை என்பதால், பட்டியலிலும் சிவப்பை முதலில் எழுதியிருந்தேன். பழக்க தோஷம். இந்த ஒரு மாசமாக இரண்டு பேரும் ஒரே நேரத்தில் அடிக்கவே இல்லை. ஒவ்வொரு சுற்றிலும் சிவப்பு முதலில் அடித்திருக்கிறது, மிஞ்சிய கறுப்பு மட்டும் திருப்பி அடித்திருக்கிறது.

எவ்வளவு மோசம் என்று பார்க்க ஒரு சோதனை செய்தேன். இந்தப் பக்கம் 3 வேல்காரர்கள், அந்தப் பக்கம் 3 வேல்காரர்கள். ஒரே அடியில் ஆள் காலி என்று வைத்தேன். எல்லோரும் எதிரில் நிற்பவனை அடிக்க வேண்டும். நியாயமாக 6 பேரும் விழ வேண்டும். 100 தடவை ஓட விட்டேன். 100 தடவையும் சிவப்பில் 3 பேரும் முழுசாக நிற்கிறார்கள், கறுப்பில் ஒருவனும் இல்லை. பட்டியலைத் திருப்பிப் போட்டால் 100 தடவையும் கறுப்பு. என் மருமகள் ஒரு மாசமாகத் தோற்கிற ஆட்டத்தை ஆடியிருக்கிறாள். அதை நினைக்கும்போது இப்போதும் மனசு கஷ்டமாக இருக்கிறது.

இன்னொரு விநோதம். வில்காரர்கள் மட்டும் சில நேரம் இரண்டு பேரும் சேர்ந்தே விழுகிறார்கள். அம்பு தனி நோடு, அதாவது காயோடு ஒட்டாத தனிப் பொருள் என்பதால், விட்டவன் செத்தாலும் அம்பு பாட்டுக்குப் பறந்து போய்த் தைக்கிறது. ஆக, ஒரே ஆட்டத்தில் வாளுக்கு ஒரு சட்டம், வில்லுக்கு ஒரு சட்டம்.

வரிசையைச் சுற்றுக்குச் சுற்று கலைத்துப் போடலாம் என்று முதலில் நினைத்தேன். நூறு ஆட்டம் சேர்த்துப் பார்த்தால் இரண்டு பக்கமும் சமம் வரும். ஆனால் அன்றைக்கு ஆடுகிற பிள்ளைக்கு நூறு ஆட்டம் கணக்கில்லை. அவள் உத்தரவு கொடுத்தாள், அது நடக்கவில்லை. 'ஒன்றாக அடிப்பார்கள்' என்று வாக்குக் கொடுத்துவிட்டு ஒருவருடைய அடியை விழுங்குவது தப்பு என்றுதான் எனக்குப் படுகிறது.

அதனால் இரண்டு கேள்வி. கோடை எப்படித் திருத்துவது? அதை விடப் பெரியது: திருத்தினால் இரண்டு ராஜாவும் சாவார்கள். அப்புறம் ஆட்டம் யாருக்கு? சாதாரண வீரர்கள் இரண்டு பேர் ஒரு கட்டத்துக்காக மோதி இரண்டு பேரும் விழுந்தால் கட்டம் யாருக்கு? பெரிய ஆட்டங்களில் இதற்கு என்ன செய்கிறார்கள்?

---

மோல்மீன்_கோடு (ஞாயிறு, இரவு 11.05)

வேலு அண்ணே, கோடு பக்கம் மட்டும் நான் சொல்கிறேன். இதே குழியில் நானும் விழுந்திருக்கிறேன்.

அடிக்கிற இடத்திலேயே ஹெச்பியைக் கழிக்கிறீர்கள், பிரச்சினை அங்கேதான். செட்டியார் கடைக் கணக்கை நினைத்துக்கொள்ளுங்கள். நாள் முழுக்க வரவு, பற்று எல்லாம் குறிப்பேட்டில் ஏறும். கடை அடைத்த பிறகுதான் பேரேட்டுக்குப் போகும். அதே மாதிரி, முதல் சுற்றில் எல்லாக் காயையும் அடிக்க விடுங்கள், ஆனால் யாருடைய ஹெச்பியையும் தொடாதீர்கள். 'இவன் அவனுக்கு 5' என்று ஒரு டிக்‌ஷனரியில், அதுதான் உங்கள் குறிப்பேடு, எழுதி மட்டும் வையுங்கள். எல்லோரும் அடித்து முடித்த பிறகு, இரண்டாவது சுற்றில் அதை மொத்தமாகக் கழியுங்கள். மூன்றாவதாக, ஹெச்பி 0வுக்கோ அதற்கும் கீழேயோ போனவர்களைச் செத்ததாகக் குறியுங்கள். கடைசியாக ஒரே ஒரு தடவை, யார் ராஜா இருக்கிறார், யார் ராஜா இல்லை என்று பாருங்கள். இப்படிச் செய்தால் பட்டியலை எந்த வரிசையில் வைத்தாலும் விடை ஒன்றுதான்.

ஜான் கான்வே 1970இல் கொண்டுவந்த 'கேம் ஆஃப் லைஃப்' எழுதிப் பார்த்திருக்கிறீர்களா? பக்கத்துக் கட்டங்களைப் பார்த்து எல்லாக் கட்டமும் ஒரே நேரத்தில் மாறுகிற ஆட்டம் அது. அதிலும் இதே கதை. ஒரே பலகையில் கட்டம் கட்டமாக மாற்றிக்கொண்டே போனால் தப்பான உருவம் வரும். பழைய பலகையைப் படித்துப் புதுப் பலகையில் எழுத வேண்டும்.

கோடோவில் கவனிக்க வேண்டியது சிலது இருக்கிறது. கியூ ஃப்ரீ சொன்ன உடனே நோடு போகாது, அந்த ஃபிரேம் (திரையில் வரும் ஒரு படம்) முடியும்போதுதான் போகும். அதனால் செத்த காய் பட்டியலில் இன்னும் நிற்கும், அடுத்த சுற்றில் அதைத் தொட்டால் எரர் விழும். செத்தவர்களைப் பட்டியலிலிருந்து நீங்களே நீக்குங்கள். சந்தேகமான இடத்தில் இஸ் இன்ஸ்டன்ஸ் வேலிட் போட்டு, காய் இன்னும் இருக்கிறதா என்று கேளுங்கள். அப்புறம் சிக்னல். கோடோவில் சிக்னலை எமிட் செய்தால் (விட்டால்), டெஃபர்ட் (பிறகு ஓடு) என்று சொல்லாத வரை, அதோடு கட்டிய ஃபங்ஷன் அந்த இடத்திலேயே ஓடி முடிந்துவிடும். உங்கள் மருமகளின் அடி போன இடம் அதுதான். சிவப்பு ராஜா அடித்தார், சிக்னல் போனது, ஆட்டம் முடிந்தது என்று தீர்ப்பும் வந்துவிட்டது. கறுப்பு ராஜாவின் முறை வருவதற்குள் கடையை மூடிவிட்டார்கள். 'செத்தான்' சிக்னலில் சத்தம், படம் மட்டும் வையுங்கள். வெற்றி, தோல்வி அதில் வேண்டாம்.

மருத்துவர் காய் ஏதாவது வைத்திருந்தால் இன்னொன்றும் பாருங்கள். ஒருவனுக்கு ஹெச்பி 3, அடி 5, அதே சுற்றில் மருந்து 4. எல்லாவற்றையும் ஒன்றாகக் கூட்டினால் 2, பிழைத்துவிடுவான். அடியை முதலில் கழித்தால் செத்துவிடுவான். அடியைக் கழித்து 0வில் நிறுத்திவிட்டு அப்புறம் மருந்து ஏற்றினால் 4 ஆகிவிடும், அது சுத்தத் தப்பு. 0வில் நிறுத்துவதைக் கடைசி வரை தள்ளிப் போடுங்கள்.

அம்பு விஷயத்தில், சேதத்தை அம்பு தைக்கும்போது கணக்கிடாமல், விடும்போதே குறிப்பேட்டில் எழுதிவிடுங்கள். பறப்பது வெறும் படம். கணக்கு வேறு, காட்சி வேறு என்று பிரித்துவிட்டால் பாதிச் சிக்கல் போய்விடும்.

உங்கள் 3க்கு 3 சோதனை அப்படி ஒருபக்கமாகப் போனதற்கும் காரணம் உண்டு. செத்தவன் திருப்பி அடிக்க மாட்டான் என்பதால் முதல் அடியின் லாபம் கூடிக்கொண்டே போகும். ஃபிரெடெரிக் லான்செஸ்டர் என்ற இங்கிலாந்து இன்ஜினியர் முதல் உலகப் போர் காலத்தில் இதற்குக் கணக்கே போட்டு வைத்தார். எல்லோரும் எல்லோரையும் சுடக்கூடிய சண்டையில் படையின் பலம் எண்ணிக்கையின் வர்க்கமாக ஏறும். சமமான வீரர்கள் 5 பேரும் 4 பேரும் மோதினால், 25இல் 16 போக 9, அதன் மூலம் 3. அந்த 4 பேரும் முடியும்போது இந்தப் பக்கம் சுமார் 3 பேர் மிச்சம். ஒரே ஒரு ஆள் அதிகமாக இருந்ததற்கு இவ்வளவு. முதல் அடியை இலவசமாகக் கொடுப்பது அதை விடப் பெரிய சலுகை.

பின்னாளில் ஆன்லைனில் விட நினைத்தால் கலைத்துப் போடும் யோசனை வேண்டவே வேண்டாம். ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் மாதிரி ஆட்டங்களில் நெட் வழியாகப் போவது உத்தரவு மட்டும்தான். போரை ஒவ்வொரு மெஷினும் தனித்தனியாகக் கணக்குப் போட்டுக்கொள்ளும். வரிசை ஓரிடத்தில் மாறினாலும் இரண்டு திரையிலும் இரண்டு வேறு போர் நடக்கும். கலைக்கத்தான் வேண்டுமென்றால் ரேண்டம் சீடு, அதாவது கலைப்பைத் தொடங்கி வைக்கும் எண், இரண்டிலும் ஒன்றாக இருக்க வேண்டும்.

---

பஸுண்டாங்_செல்வி (திங்கள், காலை 7.20)

வேலு தம்பி, உங்கள் மருமகள் கேட்ட கேள்வி என்னை ராத்திரி முழுக்க யோசிக்க வைத்தது. எனக்கு 40 தாண்டிவிட்டது. பள்ளிக்கூடம் முடித்த வருஷம் கேம் கடையில் மணிக் கணக்குக்குக் காசு கொடுத்து ஸ்டார்கிராஃப்ட் ஆட ஆரம்பித்தவள். உங்கள் வாள், வில் விநோதம் அதிலேயே உண்டு. மரீன் என்ற துப்பாக்கி வீரன் சுட்டால் அந்தக் கணமே படும். டிராகூன் என்ற நடக்கும் இயந்திரம் விடும் குண்டு பறந்து போய்ப் படும், விட்டது செத்தாலும் குண்டு நிற்காது. அதனால் இரண்டு டிராகூன் எதிரெதிரே நின்று ஒன்றாக வெடிப்பதைப் பல தடவை பார்த்திருக்கிறேன்.

பெரும்பாலான ஆட்டங்கள் இந்தக் கேள்வியே வராத மாதிரி நடந்துகொள்கின்றன. 2001இல் நிண்டெண்டோ கையடக்கத்தில் வந்த அட்வான்ஸ் வார்ஸில் அடிக்க வந்தவன் முதலில் அடிப்பான். மிஞ்சியவன், மிஞ்சிய பலத்தோடு திருப்பி அடிப்பான். இரண்டு பேரும் சாக வழியே இல்லை. வெஸ்நாத் ஆடியிருக்கிறீர்களா? இலவசம், பழைய மெஷினிலும் ஓடும், கோடும் திறந்தே கிடக்கிறது. அதில் அடிக்கு அடி மாறி மாறி விழும், தாக்க வந்தவனுக்கு முதல் அடி. ஆனால் ஈட்டிக்காரனுக்கு ஒரு தனிச் சலுகை உண்டு. அவனை யாராவது தாக்க வந்தாலும் அவன் ஈட்டிதான் முதலில் பாயும். குதிரைவீரன் பாய்ந்து தாக்கினால் கொடுக்கிற அடியும் இரண்டு மடங்கு, வாங்குகிற அடியும் இரண்டு மடங்கு. அந்தக் குதிரையை ஈட்டிக்காரன் மேல் விட்டுப் பாருங்கள், யார் முதலில் என்ற ஒரே விஷயத்தில் முழு ஆட்டமும் திரும்பும். அங்கே அது நியாயம், ஏனென்றால் 'ஒன்றாக' என்று அந்த ஆட்டம் யாரிடமும் சொல்லவில்லை. நீங்கள் சொல்லிவிட்டீர்கள். அதனால் நீங்கள் இந்தப் பக்கம் போக முடியாது.

ஒன்றாக அடிக்கும் ஆட்டங்களில் சிவிலைசேஷன் 5 ஒரு வழி வைத்திருக்கிறது. நேருக்கு நேர் மோதும்போது இரண்டு பேருக்கும் சேதம் ஒரே சமயத்தில் கணக்கிடப்படும். இரண்டு பேரும் சாக வேண்டிய நிலை வந்தால், மொத்தத்தில் குறைவாக அடிபட்டவன் 1 ஹெச்பியோடு பிழைத்துக்கொள்வான். அங்கே ஒரு கட்டத்தில் ஒரு படைதான் நிற்கலாம், மோதல் முடிந்தால் யாராவது ஒருவர் அந்த இடத்தில் இருக்க வேண்டும் என்ற அவசரம் உண்டு. உங்கள் ராஜாக்களுக்கு இதைப் போட்டுப் பாருங்கள். 4இல் 5 போனால் கழித்தல் 1. 3இல் 5 போனால் கழித்தல் 2. சிவப்பு பிழைக்கும். அதே தீர்ப்புதான் வரும், ஆனால் இந்தத் தடவை காரணம் சொல்லலாம்: உன் ராஜா ஏற்கெனவே கூடுதலாக அடிபட்டு வந்தார். ஆனாலும் 9 வயசுப் பிள்ளை அதை ஏற்றுக்கொள்ளுமா என்று எனக்குச் சந்தேகம். அவள் அடி இப்போதும் எங்கோ போய்விடுகிறதே.

பலகை ஆட்டக்காரர்கள் இதில் தைரியசாலிகள். ஸ்ட்ராடிகோவில் ஒரே பதவிக்காரர்கள் மோதினால் இரண்டு காயையும் எடுத்துவிடுவார்கள், பேச்சே இல்லை. ஆக்சிஸ் அண்ட் அல்லைஸில் அடிபட்ட காயை உடனே தூக்க மாட்டார்கள். தற்காக்கிற பக்கத்தில் விழுந்தவர்களும் அந்தச் சுற்றில் தங்கள் பகடையை உருட்டிவிட்டுத்தான் பலகையை விட்டுப் போவார்கள். இரண்டு பக்கமும் துடைத்துப் போனால் நிலம் யாரிடம் இருந்ததோ அவரிடமே இருக்கும். மேஜிக் சீட்டாட்டத்தில் உயிரினங்கள் ஒன்றையொன்று ஒரே நேரத்தில் அடிக்கும், 'முதல் அடி' என்ற திறமை உள்ளது மட்டும் முந்திக்கொள்ளும். ஆடுகிற இரண்டு பேரும் ஒரே நேரத்தில் 0வுக்கு வந்தால் ஆட்டம் சமன்.

என் கருத்தைக் கேட்டால்: வீரர்கள் மோதினால் இரண்டு பேரும் விழட்டும். ராஜாக்கள் விழுந்தால் சமன் என்றே போடுங்கள். சமன் என்றால் பிள்ளைகளுக்குப் பிடிக்காது என்று பயப்படாதீர்கள். ஜெயிக்க முடியாத ராஜா எதிரியையும் கூட்டிக்கொண்டு போகலாம் என்று தெரிந்தால், தோற்கிற பக்கம் கடைசி வரை யோசித்து ஆடும். ஜெயிக்கிற பக்கம் ராஜாவைக் கொண்டுபோய் முன்னால் நிறுத்தாது. கட்டம் யாருக்கு என்பதற்கு மட்டும் என்னிடம் நல்ல பதில் இல்லை. உங்கள் ஆட்டத்தில் தாக்குகிறவன், தாங்குகிறவன் என்ற பிரிவே இல்லையே. இரண்டு பேரும் காலிக் கட்டத்துக்கு ஓடி வருகிறார்கள்.

---

தட்டோன்_வாத்தியார் (திங்கள், மாலை 5.50)

தம்பி வேலு, எனக்குக் கம்ப்யூட்டர் ஆட்டம் தெரியாது. கோயிலில் ஞாயிற்றுக்கிழமை தமிழ் வகுப்பு எடுக்கிறேன். பேரன் இந்தப் பக்கத்தைக் காட்டிப் படிக்கச் சொன்னான்.

நீங்கள் கேட்டிருப்பது புறநானூற்றிலேயே இருக்கிறது. 62ஆம் பாட்டையும் 63ஆம் பாட்டையும் எடுத்துப் பாருங்கள். சேரமான் குடக்கோ நெடுஞ்சேரலாதனும் சோழன் வேற்பஃறடக்கைப் பெருவிறற்கிள்ளியும் பொருது, இரண்டு பேரும் அந்தக் களத்திலேயே பட்டார்கள், அதாவது இறந்தார்கள். 62 கழாத்தலையார் பாடியது, 63 பரணர் பாடியது. பரணர் யானையைச் சொல்கிறார், குதிரையைச் சொல்கிறார், தேரில் வந்த வீரர்களைச் சொல்கிறார், எல்லாம் விழுந்தாயிற்று. தூக்க ஆளில்லாமல் முரசுகள் கிடக்கின்றன என்கிறார். கடைசியில் அவர் வெற்றி யாருக்கு என்று கேட்கவில்லை. இவர்களுடைய அகன்ற நாடு இனி என்ன ஆகுமோ என்று கேட்கிறார். நீங்கள் கேட்ட 'கட்டம் யாருக்கு' என்பதும் ஏறக்குறைய அதே கேள்விதான்.

கட்டத்தை ஏன் யாருக்காவது கொடுக்க வேண்டும்? போரில் விழுந்தவனுக்குக் கல் நடுவது நம் பழைய வழக்கம். இரண்டு பேர் சேர்ந்து விழுந்த கட்டத்தில் ஒரு நடுகல் வையுங்கள். அதில் யாரும் கால் வைக்கக் கூடாது.

---

தாமுவே_வேலு (சனி, இரவு 10.15)

ஐயா, உங்கள் பதிலைக் கடையில் வேலை நடுவில் படித்தேன். கையில் இருந்த போனைக் கீழே வைத்துவிட்டு இன்னொரு தடவை படித்தேன். நன்றி. மோல்மீன் தம்பிக்கும் செல்வி அக்காவுக்கும் நன்றி.

இந்த வாரம் செய்ததைச் சொல்கிறேன். குறிப்பேடு, பேரேடு இரண்டையும் அப்படியே எழுதினேன். மாறிகளுக்கே அந்தப் பெயரைத்தான் வைத்திருக்கிறேன். 3க்கு 3 சோதனையை மறுபடி ஓட விட்டேன். 100 தடவையும் 6 பேரும் விழுகிறார்கள், பட்டியலை எப்படித் திருப்பினாலும் சரி. அம்பு வெறும் படமாகிவிட்டது. வெற்றி தோல்வியைச் சுற்றின் கடைசியில் ஒரே இடத்தில் பார்க்கிறேன். இரண்டு ராஜாவும் இல்லையென்றால் 'இருவரும் பட்டனர்' என்று வரும். ஐயா எழுதிய சொல் அது, மாற்ற மனசு வரவில்லை.

பிறகு நடுகல். இரண்டு வீரர்கள் ஒன்றாக விழுந்தால் அவர்கள் மோதிய கட்டத்தில் கல் நிற்கும். அதில் ஏற முடியாது, அதன் குறுக்கே அம்பும் போகாது. இதை வைத்த பிறகு ஆட்டமே வேறு மாதிரி ஆகிவிட்டது. நடுவில் இருக்கும் 4 கட்டத்தில் இரண்டில் கல் விழுந்தால் யானைக்கு வழி அடைபட்டுப் போகிறது, ஓரமாகச் சுற்றித்தான் வர வேண்டும். பலகை ஒவ்வொரு தடவையும் வேறு உருவத்தில் முடிகிறது.

பிள்ளைகளிடம் கொடுத்தேன். முதல் ஆட்டத்திலேயே சின்னவள் ஒன்றைக் கண்டுபிடித்தாள். இரண்டு பேர் ஒன்றாக விழும்போது கறுப்பு வீரன் கொஞ்சம் தாமதமாகச் சாய்கிறான் என்றாள். எனக்கு முதலில் தெரியவில்லை. படத்தை நிறுத்தி நிறுத்திப் பார்த்தால் உண்மைதான். கறுப்புக்கு நான் வரைந்த விழும் காட்சியில் 2 ஃபிரேம் அதிகம். கணக்கில் ஒன்றாகச் செத்தவர்கள் கண்ணுக்கு முன்னும் பின்னுமாகச் செத்தார்கள். அதையும் சமப்படுத்திவிட்டேன். இப்போது இரண்டு பேரும் ஒரே ஃபிரேமில் முழங்காலில் விழுகிறார்கள், ஒரே ஃபிரேமில் தரையைத் தொடுகிறார்கள். அதற்குப் பிறகு அரை வினாடி எதுவும் அசையாமல் விட்டிருக்கிறேன். அப்புறம்தான் கல் எழும்பும்.

பெரியவன் வேறு வழியில் போய்விட்டான். தோற்கப் போகிறோம் என்று தெரிந்தால், ராஜாவுக்கு முன்னால் இருக்கும் இடைவெளியில் ஒரு சாதாரண வேல்காரனை அனுப்பி, எதிரியையும் கூட்டிக்கொண்டு விழ வைக்கிறான். கல் நின்றுவிட்டால் அந்தப் பக்கம் பாதுகாப்பு. மூன்று பக்கமும் இப்படி அடைத்துவிட்டு உள்ளே ராஜாவை உட்கார வைத்துவிட்டான். நேற்று ஓர் ஆட்டம் முடியவே இல்லை, டேப்லெட்டின் சார்ஜ் தீர்ந்ததோடு சரி. அவன் செய்வது தப்பில்லை, ஆட்டம் அனுமதிக்கிறது. ஆனால் ராஜா கல்லுக்குள் ஒளிந்துகொள்வதை நான் நினைத்துப் பார்க்கவே இல்லை. ராஜாவைச் சுற்றியுள்ள 8 கட்டத்தில் கல் எழும்பாது என்று வைக்கலாமா, அல்லது யானை மட்டும் கல்லைப் பெயர்க்கலாம் என்று வைக்கலாமா? யானை கல்லைப் பெயர்ப்பதில் எனக்கு மனசு ஒப்பவில்லை. முதலாவதைத்தான் நாளைக்குப் போட்டுப் பார்க்கப் போகிறேன். ஆடிப் பார்த்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

இன்னொரு உதவி. கல்லுக்கு நான் வரைந்த படம் அம்மிக்கல் மாதிரி இருக்கிறது என்று அக்கா சொல்கிறாள். யாருக்காவது வரைய வந்தால் 64க்கு 64 பிக்சலில் ஒரு நடுகல் வரைந்து தாருங்கள். மேலே இரண்டு பேர் எதிரெதிரே நிற்கிற மாதிரி இருந்தால் போதும். சிவப்பு, கறுப்பு எதுவும் வேண்டாம், கல்லின் நிறத்திலேயே இருக்கட்டும்.